எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல்லைக் காப்பது எப்படி? வாசகர் கேள்வி பதில்

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமிருந்தும் செய்துகொள்ளப்போகிறவர்களிடமிருந்தும் பற்களைப் பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. பல் மருத்துவரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து இங்கே பதில் தருகிறார்கள்.

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் ஸ்லீவ் அறுவை சிகிச்சை (வயிற்றின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மீதியைக் குறுகிய குழாயாக்குவது) செய்துகொண்டேன். எடை நன்றாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன்பு எனக்குச் சொத்தைப் பல்லே கிடையாது. இப்போது மூன்று பற்களில் சொத்தை. “இந்த ஆபரேஷன் செய்தால் உடம்பு பல்லிலிருந்து கால்சியத்தை உறிஞ்சிவிடும்” என்கிறார் கூட வேலை பார்ப்பவர். கால்சியம் மாத்திரையை இரண்டு மடங்காக்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இந்தத் தவறான எண்ணம் பலரிடம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு எலும்பிலிருந்து எடுக்கும், பல்லிலிருந்து எடுக்காது. முளைத்து முடிந்த பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமலில் உயிரணுவும் இல்லை, ரத்தக்குழாயும் இல்லை. அங்கிருந்து கால்சியத்தைத் திரும்ப எடுக்க உடம்பிடம் வழியே கிடையாது. பல்லைத் தாங்கும் தாடை எலும்பின் கதை வேறு. கால்சியமும் வைட்டமின் டி-யும் நெடுநாள் குறைந்தால் அது பலவீனமாகும். ஆகவே மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் விடாமல் சாப்பிடுங்கள், ஆனால் அது சொத்தையை நிறுத்தும் என்று நம்ப வேண்டாம்.

உங்கள் பல்லில் சொத்தை வந்ததற்குக் காரணம் வாயின் நேர அட்டவணை மாறியதுதான். முன்பு மூன்று வேளை சாப்பிட்டிருப்பீர்கள். இப்போது வயிற்றில் முக்கால் பங்கு இல்லை. அதனால் ஆறு, ஏழு முறை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் மெதுவாக. மாவுச்சத்தோ சர்க்கரையோ வாய்க்குள் போன சில நிமிடங்களிலேயே பல்லில் படிந்திருக்கும் கிருமிகள் அதை அமிலமாக்கிவிடும். வாயின் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து தாது கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் இடங்கள் இன்னும் மென்மையானவை, அங்கே 6-க்குச் சற்று மேலே இருக்கும்போதே கரையும். எச்சில் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுவைத் திரும்பப் பல்லில் படிய வைக்க அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். மூன்று வேளை சாப்பிட்டபோது எச்சிலுக்கு இடையில் பல மணி நேரம் ஓய்வு கிடைத்தது. இப்போது ஒரு முறை தணிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

எனவே எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்பதை விட எத்தனை முறை, எவ்வளவு நேரம் பல்லில் அமிலம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. சாப்பாட்டின் எண்ணிக்கையை நீங்களாகக் குறைக்காதீர்கள், அதை உணவியல் நிபுணர் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார். ஆனால் ஒவ்வொரு வேளைக்கும் ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கட்டும். இருபது முதல் முப்பது நிமிடத்தில் முடியுங்கள். முடிந்ததும் ஒரு வாய் தண்ணீரால் கொப்பளித்துத் துப்புங்கள். விழுங்க வேண்டாம், சாப்பிட்டு அரை மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அடுத்த வேளை வரை பிஸ்கட், உலர்பழம், மிட்டாய் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. பாதி பிஸ்கட்டை வைத்துக்கொண்டு அரை மணிக்கு ஒரு கடி கடிப்பது, ஒரே தடவையில் நான்கு பிஸ்கட் சாப்பிடுவதை விடப் பல்லுக்குக் கெடுதல்.

கேள்வி: தண்ணீர்ச் சத்து குறையக் கூடாது என்பதால் நாள் முழுக்கச் சிறிது சிறிதாகக் குடித்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பல் மருத்துவரோ “சும்மா சும்மா குடிக்காதீர்கள்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்கலாம். நாள் முழுக்கக் குடிப்பது வெறும் தண்ணீராக இருந்தால் சண்டையே இல்லை. ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை, மடக்கு மடக்காக, எந்த நேரமும் குடியுங்கள். தண்ணீர் பல்லுக்கு நண்பன்.

சிக்கல், புட்டியில் இருப்பது பழச்சாறாகவோ விளையாட்டு வீரர்களுக்கான பானமாகவோ எலுமிச்சை பிழிந்த நீராகவோ இருக்கும்போதுதான். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-ஐ ஒட்டியது. பெரும்பாலான பழச்சாறுகளும் விளையாட்டு பானங்களும் 3-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும். ‘சர்க்கரை இல்லை’ என்று எழுதிய பானத்தை நம்பி நாள் முழுக்க உறிஞ்சுபவர்கள் அதிகம். சர்க்கரை இல்லாததால் கிருமிக்கு உணவு இல்லை, அவ்வளவுதான். அதில் சேர்த்த சிட்ரிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் கிருமியின் உதவியில்லாமலே எனாமலைக் கரைக்கும். பொருள்களின் பட்டியலில் அந்தப் பெயர்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் சில வாரங்களில் புரதப் பானத்தை மெதுவாகத்தான் குடிக்க முடியும், அதைத் தவிர்க்க வழியில்லை. சர்க்கரை சேர்க்காததை, பழப்புளிப்புச் சுவை இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கோப்பையை மூன்று மணி நேரம் இழுக்காமல், குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். முடிந்ததும் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். இரவில் பல் துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும்தான். தூக்கத்தில் எச்சில் ஏறக்குறைய நின்றுவிடும். அந்த நேரத்தில் பல்லில் தங்கும் பால் பானம் காலைவரை வேலை செய்யும்.

கேள்வி: எடை குறைக்க வயிற்றில் பைபாஸ் (சிறிய வயிற்றுப் பையைக் குடலோடு இணைப்பது) செய்து ஐந்து மாதம் ஆகிறது. வாரத்தில் மூன்று நான்கு நாள் வாந்தி வந்துவிடுகிறது. வாயின் புளிப்பு பொறுக்காமல் உடனே பல் துலக்கிவிடுகிறேன். இப்போது குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூச்சம்.

பதில்: உடனே துலக்குவதை இன்றே நிறுத்துங்கள். வயிற்று அமிலத்தின் பி.எச். 1 முதல் 2 வரை இருக்கும், அது பட்டவுடன் எனாமலின் மேற்பரப்பு மென்மையாகிவிடுகிறது. அந்த நேரத்தில் பிரஷ் போட்டால், மழையில் ஊறிய சுவரைத் தேய்த்துச் சுண்ணாம்பை உதிர்ப்பதைப் போலத்தான். சும்மா விட்டால் எச்சிலில் உள்ள தாது அதை ஓரளவு மீண்டும் இறுக்கும். தேய்த்துப் போனது திரும்ப வராது, எனாமல் மறுபடி வளராது.

செய்ய வேண்டியது இது. ஒரு குவளைத் தண்ணீரில், அதாவது சுமார் 250 மில்லியில், ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரையுங்கள். அதை வாயில் வைத்து அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். இரண்டு மூன்று முறை. குடிக்க வேண்டாம், அதில் உப்புச்சத்து அதிகம், வயிற்றில் வாயுவும் கிளம்பும். சோடா கைவசம் இல்லாவிட்டால் வெறும் தண்ணீர் போதும், அதுவும் இல்லாத இடத்தில் ஒரு வாய் பால். பிறகு விரல் நுனியில் சிறிது ஃப்ளூரைடு பேஸ்ட்டை எடுத்துப் பற்களின் மேல், குறிப்பாக மேல்வரிசை முன்பற்களின் உட்புறம், தேய்க்காமல் பூசி, மிச்சத்தைத் துப்பிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிரஷ். சமையல் சோடாவை ஒரு சிறு டப்பாவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டால் வெளியிடத்திலும் தடுமாற்றம் இருக்காது.

பல்லை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஐந்தாவது மாதத்தில் வாரத்துக்கு மூன்று நான்கு முறை வாந்தி வருவது ‘பழகிப்போகும்’ என்று விட்டுவிடக் கூடியதல்ல. வேகமாகச் சாப்பிடுவது, பெரிய துண்டாக விழுங்குவது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது ஆகியவை வழக்கமான காரணங்கள். மெல்லுவதற்குக் கடைவாய்ப் பற்கள் போதாமல் இருப்பதும் ஒரு காரணம், அதைப் பலரும் யோசிப்பதில்லை. ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை, இருபது முப்பது முறை மெல்லுங்கள். இதையெல்லாம் சரியாகச் செய்தும் வாந்தி நிற்கவில்லை என்றால், இணைப்பு இடம் குறுகியிருக்கலாம், புண் வந்திருக்கலாம். அறுவை மருத்துவரைப் பாருங்கள், அவர் எண்டோஸ்கோப்பி செய்து பார்ப்பார்.

தொடர் வாந்தியால் தயமின் என்னும் வைட்டமின் பி1 சில வாரங்களிலேயே வற்றிவிடும். நடையில் தள்ளாட்டம், பார்வை இரண்டாகத் தெரிவது, குழப்பம், கால் மரத்துப்போவது ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர், வாந்தி இருந்தது என்று அங்கே முதலிலேயே சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்போ அதனோடு சேர்த்தோ தயமின் கொடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவர்கள் நினைவுக்கு வரும்.

கேள்வி: எனக்கு வாந்தியே வந்ததில்லை. ஆனாலும் மேல் முன்பற்களின் பின்பக்கம் தேய்ந்திருக்கிறது, அமிலம் பட்டிருக்கிறது என்று பல் மருத்துவர் சொல்கிறார். எப்படி? நான் செய்துகொண்டது ஸ்லீவ்.

பதில்: அவர் சொல்வது சரியாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்லீவில் வயிறு ஒரு குறுகிய குழாயாக மாறுவதால் உள்ளே அழுத்தம் கூடி, அமிலம் மேலே எதுக்களிப்பது சிலருக்குப் புதிதாகத் தொடங்கும், சிலருக்கு முன்பிருந்ததே கூடும். பைபாஸுக்குப் பிறகு எதுக்களிப்பு பெரும்பாலும் குறைகிறது. நெஞ்சு எரிச்சல் இல்லாமலே, தூக்கத்தில் சத்தமில்லாமல் அமிலம் வாய்வரை வருபவர்களும் உண்டு. காலையில் வாய் புளிப்பு, தொண்டை கரகரப்பு, வறட்டு இருமல், தலையணையில் ஈரம் போன்றவை அதற்கான தடயங்கள்.

அமிலம் கரைத்த பல்லுக்கென்று ஒரு தோற்றம் உண்டு. மேற்பரப்பு வழுவழுவென்று பளபளக்கும், நிறம் மஞ்சளாகும், முன்பல்லின் நுனி கண்ணாடி போல ஒளி ஊடுருவும். கடைவாய்ப் பல்லின் மேடுகளில் சிறு குழிகள் விழும். பழைய அடைப்பு இருந்தால் சுற்றியுள்ள பல் கரைந்து, அடைப்பு மட்டும் தனியாக உயர்ந்து நிற்கும். சொத்தையில் இப்படி இருக்காது. அது ஒரு இடத்தில் பழுப்பாகி, குழியாகி, உணவு மாட்டும்.

படுக்கப்போவதற்கு மூன்று மணி நேரம் முன்பே கடைசி உணவை முடியுங்கள். தலையணையை அடுக்குவதற்குப் பதில் கட்டிலின் தலைப்பக்கத்தையே 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள், கழுத்து மட்டும் மடங்கினால் வயிற்றின் அழுத்தம் கூடத்தான் செய்யும். இடப்பக்கம் சாய்ந்து படுப்பது நல்லது. அமிலம் குறைக்கும் மாத்திரை வேண்டுமா என்பதை அறுவை மருத்துவரிடம் பல் மருத்துவரின் குறிப்போடு போய்க் கேளுங்கள். கடையில் வாங்கி மாதக்கணக்கில் நீங்களாகச் சாப்பிட வேண்டாம், ஏற்கெனவே குறைந்துபோகக்கூடிய பி12 இன்னும் குறையும். தேய்ந்த இடத்தைப் பல் நிற அடைப்புப் பொருளால் மூடலாம். ஆனால் அமிலம் வருவது நிற்காமல் கேப் போடும் பெரிய செலவில் இறங்காதீர்கள், கேப்பின் விளிம்பில் மறுபடி கரையும்.

கேள்வி: என் அண்ணன் பைபாஸ் செய்தவர். கடைவாய்ப் பல் வலி தாங்காமல் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கி மூன்று நாளாகச் சாப்பிடுகிறார். பல்லை எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஏதாவது ஆபத்து உண்டா?

பதில்: பல்லை எடுப்பதில் பெரிய ஆபத்து இல்லை. அந்த மாத்திரையில் இருக்கிறது. அட்டையின் பின்பக்கத்தை இப்போதே பாருங்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், நாப்ராக்சென், கீட்டோரோலாக், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் ஆகிய பெயர்களில் எது இருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். இதயத்துக்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த சிறு அளவு ஆஸ்பிரின் மட்டும் விதிவிலக்கு, அதை அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பைபாஸில் சிறிய வயிற்றுப் பையும் குடலும் இணையும் இடம் மென்மையானது. இந்த வகை மருந்துகள் அங்கே புண் உண்டாக்கும். புண் ரத்தம் கசியும், ஓட்டையும் விழலாம். வயிற்று வலி, கருப்பாகத் தார் போன்ற மலம், ரத்த வாந்தி ஏதாவது இருந்தால் உடனே மருத்துவமனைக்கு.

ஊசியாகப் போட்டாலும் பாதிப்பு வரும், ஏனென்றால் மருந்து ரத்தத்தின் வழியாகவும் வயிற்றின் பாதுகாப்புப் படலத்தைக் குறைக்கிறது. ‘சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் ஆகாது’ என்பதும் இங்கே செல்லாது. கடையில் கிடைக்கும் பல் வலி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமாலோடு இவற்றில் ஒன்றும் கலந்திருக்கும். பெட்டியின் முன்பக்கத்துப் பெயரை மட்டும் படித்தால் தெரியாது.

பாராசிட்டமால் மட்டும் உள்ள மாத்திரையைப் போடலாம். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் போகாமல். கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும், உணவு சரியாக இறங்காதவர்களுக்கும், 50 கிலோவுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் அளவு குறைவு, மருத்துவரைக் கேட்க வேண்டும். மாத்திரையால் பல் வலி ஆறாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். வேர் சிகிச்சையோ பல்லை எடுப்பதோதான் வலிக்கு முடிவு, அதைத் தள்ளிப்போடத் தள்ளிப்போடத்தான் இந்த மாத்திரைகள் உள்ளே போகின்றன.

பல் மருத்துவரிடம் போனதும் அண்ணன் சொல்ல வேண்டியவை: எந்த வகை அறுவை சிகிச்சை, எந்த மாதம் நடந்தது, இப்போது என்னென்ன மருந்து, வலி மாத்திரையில் எது கூடாது. பலர் இதைச் சொல்வதே இல்லை, “வயிற்று ஆபரேஷனுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்” என்று நினைத்துவிடுகிறார்கள். பல்லை மரத்துப்போக வைக்கும் ஊசியில் தடையில்லை. வீக்கத்துக்காக ஸ்டீராய்டு தருவதாக இருந்தால் அதுவும் புண் உண்டாக்கக்கூடியது என்பதால் அறுவை மருத்துவரோடு பேசிவிட்டுத் தரட்டும். ஆன்டிபயாட்டிக் தேவைப்பட்டால், மெதுவாகக் கரையும் வகையோ குடலில் கரையும் பூச்சுள்ள வகையோ வேண்டாம், அவை முழுதாக உறிஞ்சப்படாமல் போகலாம். சாதாரண மாத்திரையோ திரவ மருந்தோ மேல். திரவம் என்றால் சர்க்கரைப் பாகில்லாதது இருக்கிறதா என்று கேளுங்கள்.

நாற்காலியை முழுவதும் படுக்க வைக்காமல் சற்று நிமிர்த்திச் சிகிச்சை செய்யச் சொல்லலாம், எதுக்களிப்பு குறையும். நேரம் நீண்டால் இடையில் தண்ணீருக்கு நிறுத்த வேண்டும். பைபாஸ் செய்தவர்களில் சிலருக்குச் சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். நடுக்கமோ வியர்வையோ வந்தால் பயத்தால் என்று விட்டுவிடாமல் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

ஸ்லீவ் செய்தவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். புண் வரும் வாய்ப்பு பைபாஸில்தான் அதிகம் என்றாலும், பல அறுவை மருத்துவர்கள் ஸ்லீவ் செய்தவர்களுக்கும் இவற்றைத் தடுத்தே வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மென்று சாப்பிடும் வைட்டமின் மாத்திரைகள் பழ மிட்டாய் போல இருக்கின்றன. தினமும் மூன்று. பல்லைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்கும், ஆனால் அதற்காக நிறுத்தக் கூடாது. ஜெல்லி போன்ற வகையில் சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கும், கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு வெகுநேரம் தங்கும். இரும்பும் தயமினும் அந்த வகையில் பெரும்பாலும் இருப்பதில்லை, எனவே அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு அது எப்படியும் பொருத்தமில்லை. மெல்லும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுங்கள், அமிலம் படும் நேரம் தனியாக இன்னொன்று சேராது. பிறகு தண்ணீரால் கொப்பளியுங்கள். முதல் சில மாதங்களுக்குப் பின் முழு மாத்திரையை விழுங்க அனுமதி கிடைத்தால் அதற்கு மாறிவிடுங்கள்.

அளவு பற்றிக் கேட்டவர்களுக்கு: ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் பிறகு நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி. கால்சியம் பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரே தடவையில் 600 மி.கி.க்கு மேல் உடம்பு நன்றாக உறிஞ்சாது, அதனால் பிரித்துச் சாப்பிட வேண்டும். அமிலம் குறைவான வயிற்றில் கால்சியம் கார்பனேட்டை விட சிட்ரேட் நன்றாகச் சேரும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். உங்கள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் மாற்றிச் சொன்னால் அதுவே சரி. திரவ இரும்பு மருந்து பல்லைக் கருப்பாக்கும். அது வெளிக்கறைதான், பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும். சாப்பிட்டதும் வாய் கொப்பளித்தால் குறைவாகப் படியும்.

கேள்வி: வாய் எப்போதும் வறண்டே இருக்கிறது, துர்நாற்றமும் வருகிறது. சூயிங்கம் மெல்லலாமா?

பதில்: நாற்றத்துக்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்திருக்கும். எடை வேகமாகக் குறையும்போது உடம்பு கொழுப்பை எரித்து உண்டாக்கும் கீட்டோன் மூச்சில் கலந்து, நகப்பூச்சு நீக்கும் திரவம் போன்ற ஒரு வாடை தரும். அது பல் துலக்கிப் போகாது. எடை குறையும் வேகம் தணியும்போது தானாகப் போகும். மற்றது வறட்சியாலும் நாக்கின் பின்பகுதியில் படியும் வெண்படலத்தாலும் வருவது. தினமும் நாக்கை வழியுங்கள், பல் இடுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். நாற்றத்துக்காக இனிப்பு மிட்டாயை வாயில் அடக்கி வைத்துக்கொள்வதுதான் மிக மோசமான வழி.

வறட்சிக்கு முதல் சந்தேகம் தண்ணீர் போதாமை. அடுத்தது மருந்துகள். மன அழுத்தத்துக்கும் ஒவ்வாமைக்கும் தரும் பல மருந்துகளும், சிறுநீர் பிரிக்கும் மாத்திரைகளும் எச்சிலைக் குறைக்கும். அவற்றை மாற்ற முடியுமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரையே கேளுங்கள். சூயிங்கம் எச்சிலைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் விழுங்கிவிட்டால் குறுகிய வழியில் அடைத்துக்கொள்ளலாம், காற்றும் உள்ளே போகும். பல அறுவை மருத்துவர்கள் இதைத் தடை செய்திருக்கிறார்கள், உங்கள் மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே மெல்லுங்கள். இல்லாவிட்டால் வாயில் கரையும் சைலிட்டால் மாத்திரையோ, மருந்துக் கடையில் கிடைக்கும் செயற்கை எச்சில் ஜெல்லோ போதும். சைலிட்டால் அதிகமானால் வயிறு உப்பி, பேதியாகும். ஒன்றிரண்டில் தொடங்குங்கள். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், சைலிட்டால் நாய்க்கு விஷம்.

கேள்வி: எந்த பேஸ்ட் நல்லது?

பதில்: பெயரைப் பார்க்காமல் ஃப்ளூரைடு அளவைப் பாருங்கள். 1350 முதல் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்க வேண்டும். அமிலம் படும் பற்களுக்கு ஸ்டானஸ் ஃப்ளூரைடு உள்ளது கூடுதல் பாதுகாப்பு தரும், சிலருக்கு லேசான கறை படியலாம். பல்லை வெள்ளையாக்கும் பேஸ்ட், கரித்தூள், உப்பு, சாம்பல் எதுவும் வேண்டாம், மென்மையான எனாமலை இவை உரசி எடுக்கும். மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், இரண்டு நிமிடம், இரவில் கட்டாயம். துலக்கியதும் நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலசாதீர்கள், அலசினால் ஃப்ளூரைடும் போய்விடும். பழகக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும், ஆனால் காசில்லாமல் கிடைக்கும் சிகிச்சை இது.

ஒரே ஆண்டில் இரண்டு மூன்று சொத்தை வந்தவர்கள் 5000 பி.பி.எம். பேஸ்ட் வேண்டுமா என்று பல் மருத்துவரைக் கேட்கலாம், அது பெரியவர்களுக்கு மட்டும், மருத்துவர் சீட்டின் பேரில். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லில் பூசும் ஃப்ளூரைடு வார்னிஷ் 22,600 பி.பி.எம். கொண்டது, பூச ஐந்து நிமிடம் கூட ஆகாது. மௌத்வாஷ் வாங்கினால் ஆல்கஹால் இல்லாததாக இருக்கட்டும்.

கேள்வி: இரண்டு வருடமாக வைட்டமின் மாத்திரையை விட்டுவிட்டேன். நாக்கு வழவழப்பாகி எரிகிறது. வாயோரம் வெடித்திருக்கிறது.

பதில்: இந்த வாய்தான் உங்கள் ரத்தத்தின் நிலையைச் சொல்கிறது. பி12, இரும்பு, ஃபோலேட் குறைவு நாக்கின் மேல் உள்ள சிறு மொட்டுகளை மழுங்கச் செய்யும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், துத்தநாகம், வைட்டமின் டி ஆகியவற்றைச் சோதியுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் நீங்களாகத் தொடங்காதீர்கள். அது ரத்தசோகையைச் சரிசெய்து, பி12 குறைவை மறைத்துவிடும், நரம்பு பாதிப்பு மட்டும் உள்ளே தொடரும். வாயோர வெடிப்பில் பூஞ்சையும் இருக்கலாம் என்பதால் பல் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: என் அம்மா பல்செட் போட்டிருப்பவர். 30 கிலோ குறைந்த பிறகு செட் ஆடுகிறது. நாளுக்கு மூன்று முறை ஒட்டும் பசை போடுகிறார்.

பதில்: முகத்திலும் ஈறிலும் சதை குறைந்ததால் இடைவெளி விழுந்திருக்கிறது. ஆடும் செட்டால் சரியாக மெல்ல முடியாது, மெல்லாத உணவு வாந்தியாக வரும். எடை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தால் உட்புறத்தில் தற்காலிகமாக மென்மையான பூச்சு வைத்து நிரப்பலாம், எடை நிலைத்த பிறகு நிரந்தரமாக. புதுச் செட்டுக்கு அவசரப்படாதீர்கள்.

அந்தப் பசையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில பசைகளில் துத்தநாகம் உண்டு. அளவுக்கு மீறிப் போட்டு விழுங்கிக்கொண்டே இருந்தால் உடம்பில் தாமிரம் குறைந்து, ரத்தசோகையும் கால் மரத்துப்போவதும் வரும். பைபாஸ் செய்தவர்களுக்குத் தாமிரம் ஏற்கெனவே குறையக்கூடியது. துத்தநாகம் இல்லாத பசையாகப் பார்த்து, குறைவாகப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: மூன்று மாதத்தில் எனக்கு அறுவை சிகிச்சை. முன்கூட்டியே பல்லுக்கு என்ன செய்ய வேண்டும்? பிறகு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும்?

பதில்: இந்த வாரமே போங்கள். சீழ் உள்ள பல், ஆழ்ந்த சொத்தை, ரத்தம் கசியும் ஈறு எல்லாவற்றையும் அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே முடித்துவிட வேண்டும். பல் எடுத்த இடம் ஆறியிருக்கும், வலி மாத்திரைப் பிரச்சினையும் பின்னால் வராது. இரண்டு பக்கமும் மெல்லக் கடைவாய்ப் பற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்கொரு ஏற்பாடு இப்போதே. எடை குறைந்தால் ஈறு நோய் தானாகச் சரியாகும் என்று எதிர்பார்க்க வேண்டாம், கற்படிவம் எடுத்தால்தான் ஆறும். புகைப்பழக்கம் இருந்தால் ஈறுக்கும் குடல் இணைப்புக்கும் சேர்த்தே அது எதிரி.

எல்லாப் பற்களையும், குறிப்பாக மேல் முன்பற்களின் பின்பக்கத்தை, தெளிவாகப் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தேய்மானம் மெதுவாக நடப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் இல்லாவிட்டால் கணிசமாகத் தேய்ந்த பிறகும் தெரியாமல் போகலாம். அறுவைக்குப் பிறகு முதல் ஆண்டில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை, புதுச் சொத்தையோ தேய்மானமோ இல்லையென்றால் அடுத்த ஆண்டிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு முறையும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவையும் மருந்துப் பட்டியலையும் கையில் எடுத்துப் போங்கள்.